ஆயிரத்து நூறு மைலும் இரண்டு பர்லாங்கும்

கொன்றைக்குப்பம்,
நகரி வழி, சித்தூர் ஜில்லா.
6-7-1958

நாகேந்திரனுக்கு அக்காள் தாட்சாயணி எழுதுவது.

நீ சௌக்கியமா என்று கேட்டு ஆரம்பிக்க இன்றைக்கு எனக்கு மனம் இல்லை. நம் ஊர் மனு எங்கே?

நேற்று நானும், ஏரி மதகைத் திறந்து மூடும் துலுக்காணம் மாமாவும் பஸ் பிடித்துச் சித்தூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். எல்லைப் பிரிவினை பற்றி டில்லிக்கு ஆட்சேபம் எழுதிய கிராமங்களின் ஜாபிதா வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் போனோம். குமாஸ்தா விரலை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே வந்தார், மறுபடி கீழிருந்து மேலே போனார். "மீ ஊரி பேரு லேதம்மா" என்றார். எங்கள் ஊர்ப் பெயர் எப்படி இல்லாமல் போகும் என்று கேட்டேன். மனு வந்து சேரவில்லை, ஜூன் முப்பதோடு தேதியும் முடிந்துவிட்டது என்றார். துலுக்காணம் மாமா என் முகத்தைப் பார்த்தார். "உன் தம்பிக்குத்தானம்மா அனுப்பிச்சோம்?" என்றார். 

உனக்குத் தெரிந்த சங்கதியைத்தான் எழுதுகிறேன், மறந்துவிட்டாய் போலிருக்கிறது. ஊரும் வயலும் ஆந்திராவோடு இருக்கப்போகின்றன. ஏரி பக்கத்துக் கிராமத்து சர்வே நம்பரில் இருப்பதால் திருத்தணி தாலுக்காவோடு சேர்ந்து மெட்ராஸுக்குப் போகப்போகிறது. நெல் இந்த ராஜ்யத்தில், தண்ணீர் அந்த ராஜ்யத்தில். எந்த ராஜ்யம் வேண்டும் என்று நாம் யாரிடமும் சண்டை போடவில்லை. எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், ஏரியையும் ஊரையும் ஒரே பக்கத்தில் போடுங்கள் என்றுதான் கேட்டோம். முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்தும் ரேகையும் வைத்தார்கள்.

அதைக் கலெக்டர் வழியாக அனுப்பலாம் என்று நான் சொன்னேன். பொங்கலுக்கு வந்திருந்த நீதான், "டில்லி இன்னா தூரம்னு நெனச்சிக்கினு இருக்கீங்க? காலைல மெட்ராசுல பிளேன் ஏறினா மத்தியானம் டில்லி. எங்கிட்ட அனுப்புங்க. மனு வாங்கற ஆபீசு என் ஆபீசுலேர்ந்து ரெண்டு பர்லாங்கு. நானே கைல குடுத்து, சீல் போட்ட ரசீது அனுப்பறேன்" என்று ஊரார் நடுவில் மார்தட்டினாய். நைனா அன்றைக்கு உன்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

மே பன்னிரண்டாம் தேதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினோம். ரசீது எங்கே?

தாட்சாயணி

*

புது டில்லி,
11-7-1958

அன்புள்ள அக்காள் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. விவரம் முழுவதும் அறியாமல் தாங்கள் கோபப்பட்டிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

ஊரில் இருப்பவர்களுக்கு டில்லியின் தூரம் புரிவதில்லை. ரயிலில் இரண்டு ராத்திரி, மூன்று பகல். விமானத் தபால் என்று பேர் இருக்கிறதே தவிர, விமானத்தில் இடம் இருந்தால்தான் மூட்டை ஏறும். புழுதிக் காற்று அடித்தால் விமானம் இறங்காது. நடுவழியில் ஏதாவது ஓர் ஊரில் இறக்கிப் போட்டுவிட்டால் அங்கேயே கிடக்கும். தாங்கள் அனுப்பிய பொட்டலமும் அப்படித்தான் எங்கோ கிடந்து, ஜூலை மாதம் முதல் வாரத்தில்தான் என் கைக்குக் கிடைத்தது. அதற்குள் தேதி முடிந்துவிட்டது. இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. தூரம் அப்படி.

இனி செய்யக்கூடியது ஒன்றுமில்லை. நைனாவிடம் தாங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்லவும். சர்க்கார் இரண்டு பக்கத்து ஜனங்களின் நன்மையையும் யோசித்துத்தான் முடிவு செய்யும்.

தங்கள் அன்புத் தம்பி,
க. நாகேந்திரன்

*

கொன்றைக்குப்பம்,
20-7-1958

நாகேந்திரா,

பேசப் பழகிய நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்று கூப்பிட்டவன் திடீரென்று "தாங்கள்" என்று எழுதியிருக்கிறாய். பொய் சொல்லும்போது உனக்கு மரியாதை கூடிவிடுகிறது.

உன் கடிதத்தை நான் நைனாவிடம் காட்டவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு மெட்ராஸ் போனேன். மவுண்ட் ரோட்டில் விமானக் கம்பெனி ஆபீஸ் எது என்று விசாரித்துப் போய் உள்ளே நுழைந்தேன். கவுண்டரில் இருந்த பெண், "எப்போ பிரயாணம்?" என்று கேட்டாள். பிரயாணம் இல்லையம்மா, டில்லி எத்தனை மைல், எவ்வளவு நேரம் என்று தெரிந்துகொள்ள வந்தேன் என்றேன். என் நூல் புடவையையும் கையில் இருந்த குடையையும் பார்த்தாள். ஆனாலும் நல்ல பெண். சுவரில் மாட்டியிருந்த படத்தின் அருகில் என்னை அழைத்துப் போய்க் காட்டினாள். மெட்ராஸிலிருந்து டில்லிக்கு ஆகாய மார்க்கத்தில் ஆயிரத்து நூறு மைலுக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறினாலும் ஐந்தரை மணி நேரத்தில் போய்விடலாமாம். மே மாதம் விமானம் போகாமல் நின்றதா என்று கேட்டேன். உள்ளே போய் ஒரு தடிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்து, ஒரு நாள் இரண்டு மணி நேரம் தாமதம், அதைத் தவிர ஒன்றுமில்லை என்றாள்.

இது போதாது என்றால் இன்னொன்றும் இருக்கிறது. தபாலில் அனுப்புநர் என்று துலுக்காணம் மாமா பெயரைப் போட்டிருந்தோம். தபாலை வாங்கிக்கொண்டதற்கு நீ கையெழுத்துப் போட்ட அட்டை அவர் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது. எழுத்துத் தெரியாத மனிதர், டில்லியிலிருந்து வந்த காகிதம் என்று சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் சொருகி வைத்திருந்தார். முந்தாநாள்தான் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். உன் கையெழுத்து. உன் கையால் போட்ட தேதி. மே பதினைந்து.

ஆயிரத்து நூறு மைல் தூரத்தை அந்தக் காகிதம் மூன்று நாளில் கடந்து வந்திருக்கிறது, நம் ஊர்த் தபால்காரரின் சைக்கிளையும் சேர்த்து. அங்கிருந்து இரண்டு பர்லாங் போக நாற்பத்தாறு நாள் போதவில்லையா உனக்கு? தூரம் அப்படி என்று எழுதினாயே, எந்தத் தூரம்?

நம் தெருக்கோடிப் பொன்னியம்மாளை உனக்குத் தெரியும். ரேகை வைத்தால் நிலம் போய்விடும் என்று அவள் புருஷன் சாகும்போது சொல்லிவிட்டுப் போனதால், எதிலும் விரல் வைக்க மாட்டாள். "முழுசா படி தாட்சாயணி. நடுவுல உடாத படி. அப்பால வெக்கறேன்" என்று இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் மைக்கூட்டில் விரலைத் தொட்டாள். நேற்று கிணற்றடியில் என்னை நிறுத்தி, "என் ரேகை இன்னாச்சும்மா? எங்க கீது இப்போ?" என்று கேட்டாள்.

இரண்டு மாதமாக நைனா, "என் மவன் கைல கீது, பயப்படாதீங்க" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நேற்று அட்டையை அவருக்குப் படித்துக் காட்டினேன். மண்வெட்டியைக் கொல்லையில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர், "இனிமே அவன் பேரை எங்கிட்ட எடுக்காத" என்றார்.

உண்மையை எழுது. அதற்கு விமானம் வேண்டாம்.

தாட்சாயணி

*

புது டில்லி,
26-7-1958

அக்கா,

ஆமாம். மே பதினைந்தாம் தேதியே வந்தது.

அன்றைக்கே எடுத்துக்கொண்டு புறப்பட்டேன், இதையாவது நம்பு. அந்த ஆபீஸ் வாசல் வரைக்கும் போனேன். அதற்கு முந்தின நாள்தான் எங்கள் செக்‌ஷனில் ஒரு சுற்றறிக்கை படித்தார்கள். எல்லை விவகாரத்தில் எந்தத் தரப்புக்காகவும் தலையிடும் ஊழியர் மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்று. என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "நீ அந்தப் பக்கத்துக்காரன்தானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. என் வேலை நிரந்தரமாக இன்னும் நான்கு மாதம் பாக்கி இருந்தது. வாசல் படியில் நின்றேன், திரும்பி வந்துவிட்டேன். நாளைக்குப் போகலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். மனு என் டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் இருக்கிறது.

நீ திட்டு. திட்ட உனக்குப் பாத்தியதை உண்டு. ஆனால் எனக்கும் கோபம் இருக்கிறது, அதையும் கேள். முன்னூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவராவது, இதைக் கொடுத்தால் உனக்கு என்ன ஆகும் நாகேந்திரா என்று கேட்டீர்களா? நான் மார்தட்டியதைச் சொல்கிறாய். தட்டினேன்தான். ஊருக்கு வந்தால் டில்லிக்காரன், டில்லிக்காரன் என்று எல்லாரும் என்னைச் சுற்றி நின்றீர்கள். அங்கே நின்றுகொண்டு, நான் கடைசிப் பெஞ்சில் காகிதத்துக்கு நம்பர் போடுகிற குமாஸ்தா என்று எப்படிச் சொல்வேன்?

இங்கே நான் யார் தெரியுமா? ஆபீசில் மதராஸி. தெலுங்குக்காரர்கள் கூடும் இடத்துக்குப் போனால், நீ அரவம், அதாவது தமிழ், பேசுகிறவன் என்கிறார்கள். தமிழர்கள் கூடும் இடத்துக்குப் போனால், சித்தூர் ஜில்லாவா, அது ஆந்திராவாயிற்றே என்கிறார்கள். வேலை போனால் நான் திரும்பி வருவது எந்த ராஜ்யத்துக்கு?

இதெல்லாம் சமாதானம் இல்லை என்று எனக்குத் தெரியும். நைனா என் பெயரை எடுக்கவேண்டாம் என்று சொன்னதை நீ எழுதாமல் இருந்திருக்கலாம்.

மனுவைத் திருப்பி அனுப்பட்டுமா?

நாகேந்திரன்

*

கொன்றைக்குப்பம்,
10-8-1958

நாகேந்திரா,

அனுப்பாதே. நான் வருகிறேன்.

ஆட்சேபம் கொடுக்கும் தேதியை ஆகஸ்ட் பதினாலு மாலை ஐந்து மணி வரைக்கும் நீட்டியிருக்கிறார்கள். மழையால் தபால் தடைப்பட்ட வேறு ஏதோ ஜில்லாவுக்காக நீட்டினார்களாம், நமக்கும் பொருந்துமாம். சித்தூரில் தெலுங்கில் நோட்டீஸ் ஒட்டி எட்டு நாள் ஆகிறது. ஒருவரும் நமக்குச் சொல்லவில்லை. சந்தைக்குப் போன துலுக்காணம் மாமா யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டு வந்து முந்தாநாள் சொன்னார். டில்லியில் இருக்கும் உனக்குத் தெரியாதா? இரண்டு பர்லாங் தூரத்தில்தானே இருக்கிறாய்!

பன்னிரண்டாம் தேதிக்கு முன்னால் ரயிலில் இடம் இல்லையாம்; அதில் ஏறினால் பதினாலாம் தேதி பொழுது சாய்ந்துதான் வந்து சேருவேன். அதனால் விமானத்தில் வருகிறேன். நேற்று மெட்ராஸ் போய்க் கேட்டதில், பதினாலாம் தேதி காலை விமானத்தில் ஒரே ஓர் இடம் இருக்கிறது என்று அந்தக் கவுண்டர்ப் பெண் சொல்லி, என் பெயரை எழுதிக்கொண்டாள். என் கை வளையல் இரண்டையும் கழற்றினேன். அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கக்கூடாது.

உன்னையே கொடுக்கச் சொல்லித் தந்தி அடித்தால் என்ன என்று துலுக்காணம் மாமா கேட்டார். "ஒரு தபா நம்பினோம், போதும்" என்றார் நைனா. பெயரைச் சொல்லவில்லை.

நீ விமான நிலையத்துக்கு வர வேண்டாம். அந்த ஆபீஸ் வாசலில் மனுவோடு நில். அதற்கும் பயமாக இருந்தால், உன் அறைச் சாவியை வாசல்காரரிடம் கொடுத்துவிட்டு நீ உன் ஆபீசுக்குப் போ. டிரங்குப் பெட்டியை நானே திறந்துகொள்வேன்.

தாட்சாயணி

*

புது டில்லி,
22-8-1958

அக்கா,

ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். ஏழு நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நான் அந்த ஆபீஸ் வாசலில்தான் நின்றேன். நீ வந்து இறங்கியதும் என் கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். ஆமாம், ஒளிந்துதான் நின்றேன். உள்ளே எங்கள் செக்‌ஷன் ஆள் ஒருவன் இருந்தான்.

நீ ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்கு அலைந்ததைப் பார்த்தேன். அவர்கள் இந்தியில் பேசினார்கள், நீ தெலுங்கில் பேசிப் பார்த்தாய், தமிழில் பேசினாய், கடைசியில் பள்ளிக்கூட இங்கிலீஷில் பேசினாய். மணி நாலு இருபது. மூன்றாவது ஜன்னல்காரர் மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். கொடுப்பவருக்கு டில்லியில் விலாசம் வேண்டும், மேற்கொண்டு நோட்டீஸ் அனுப்ப ஆள் வேண்டும், இல்லாவிட்டால் வாங்க முடியாது என்றார். நீ என்னைத் திரும்பிப் பார்ப்பாய் என்று நினைத்தேன். நீ பார்க்கவில்லை. "நான் இங்கேயே இந்தத் தரையிலேயே இருக்கிறேன், இதுதான் என் விலாசம், எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு, ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டாய். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பைத்தான் அக்கா என்னால் தாங்க முடியவில்லை. எங்கிருந்து எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. தூணை விட்டு வந்தேன். பேனாவை வாங்கி, சமர்ப்பித்தவர் என்கிற இடத்தில் என் பெயர், நைனா பெயர், என் அறை விலாசம் எல்லாம் எழுதினேன். உத்தியோகம் என்ன என்று கேட்டார். அதையும் எழுதினேன். நாலு ஐம்பதுக்கு சீல் குத்தினார்.

அதன் பிறகாவது ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ரசீதை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு, "ரயில்வே ஸ்டேஷனுக்கு வழி எது?" என்று என்னைக் கேட்டாய், வழிப்போக்கனைக் கேட்பது போல. என் அறைக்கு வந்து ஒரு வாய் சோறு துன்னாமல் போய்விட்டாய்.

பதினெட்டாம் தேதி எனக்கு மெமோ கொடுத்தார்கள். விளக்கம் கேட்டிருக்கிறார்கள். என் ஊரில் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று எழுதியிருக்கிறேன். வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

நாகேந்திரன்

*

கொன்றைக்குப்பம்,
1-9-1958

நாகேந்திரா,

பேசாமல் வந்ததற்குக் காரணம் கேட்டிருக்கிறாய். வாயைத் திறந்திருந்தால் அந்த ஆபீஸ் வாசலிலேயே உன்னை அறைந்திருப்பேன். கையெழுத்துப் போட்டதற்காகச் சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அறைய வேண்டாம் என்றுதான் ஸ்டேஷனுக்கு வழி கேட்டேன்.

விமானம் எப்படி இருந்தது என்று ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள். என்ன சொல்ல? காதில் பஞ்சு கொடுத்தார்கள், புளிப்பு மிட்டாய் கொடுத்தார்கள். பக்கத்தில் ஒரு மார்வாடி கண்ணை மூடிக்கொண்டு ஜபம் செய்துகொண்டே வந்தார். ஜன்னலில் பார்த்தேன். நம் ஏரியைப் போல நூறு ஏரி கீழே கிடந்தது, காசைக் கொட்டியது போல மின்னிக்கொண்டு. எது எந்த ராஜ்யம் என்று மேலே இருந்து ஒன்றும் தெரியவில்லை. கோடு போடுகிறவர்கள் எங்கே உட்கார்ந்து போடுகிறார்கள் என்று எனக்கு அப்போது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வயலில் வந்து நின்று பார்த்தவர்களும் இல்லை, மேலே ஏறிப் பார்த்தவர்களும் இல்லை.

கணக்குச் சரியாகத்தான் இருந்தது. காலை ஏழே முக்காலுக்குக் கிளம்பியது, ஒன்று ஐந்துக்கு டில்லியில் இறங்கியது. ஐந்து மணி இருபது நிமிஷம். இதே நான் நம் ஊரிலிருந்து மீனம்பாக்கம் போய்ச் சேர ஒரு பகல் முழுக்க ஆனது. ஓடையில் தண்ணீர் வந்து பஸ் நின்றுவிட்டது, மூன்று மைல் நடந்தேன். அதற்கப்புறம் அந்த மூன்று ஜன்னலுக்கு நடுவில் இரண்டரை மணி நேரம். ஒரு ஜன்னலுக்கும் அடுத்த ஜன்னலுக்கும் நாலு அடி இருக்குமா? ஆயிரம் மைல் என்னைச் சுமந்து வந்த நாட்டில், அந்த நாலு அடிக்கு என்னைத் தரையில் உட்கார வைத்தார்கள்.

பொன்னியம்மாளிடம் ரசீதைக் காட்டினேன். சீலைத் தடவிப் பார்த்தாள். "இதுக்குள்ள கீதா என் ரேகை?" என்றாள். ஆமாம் என்றேன்.

நைனாவிடம் நீ கையெழுத்துப் போட்டதைச் சொன்னேன். மெமோவையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். உன் பெயரை இன்னும் எடுக்கவில்லை. நானும் அவரை வற்புறுத்தவில்லை. நாற்பத்தாறு நாள் என்பது அவ்வளவு சீக்கிரம் போகாது.

வேளைக்குச் சாப்பிடு.

தாட்சாயணி

*

புது டில்லி,
18-12-1959

அக்கா,

முடிவு வந்துவிட்டது. நகல் இதோடு வைத்திருக்கிறேன். நோட்டீஸ் என் விலாசத்துக்குத்தான் வந்தது.

ஏரி போய்விட்டது. வருகிற ஏப்ரல் ஒன்றாம் தேதி முதல் அது மெட்ராஸ், நாம் ஆந்திரா. ஆனால் மூன்றாவது பாராவைப் பார். மதகிலிருந்து கொன்றைக்குப்பம் வயல்களுக்குத் தொன்றுதொட்டு வரும் தண்ணீர் உரிமை, எல்லை மாறினாலும் மாறாது என்று நம் மனுவின் நம்பரைக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். மனு மட்டும் உள்ளே போகாமல் இருந்திருந்தால் அந்தப் பாரா இருந்திருக்காது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நான் சொல்லாவிட்டால் உனக்குத் தெரியப்போவதில்லை, ஆனால் மறுபடி ஒரு பொய்யை வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. அந்த மூன்றாவது ஜன்னல்காரரைப் பார்த்து விசாரித்தேன். ஜூன் முப்பதுக்குள் மனு கொடுத்த கிராமங்களுக்கு ஓர் அதிகாரியை நேரில் அனுப்பிப் பார்த்தார்களாம். அப்படிப் பார்த்ததில் இரண்டு மூன்று ஊர்களுக்குக் கோட்டை நகர்த்தியிருக்கிறார்கள். பிந்தி வந்தவற்றைக் காகிதத்திலேயே முடித்துவிட்டார்கள். நான் மே பதினைந்தாம் தேதி அந்தப் படியில் ஏறியிருந்தால், ஒருவேளை ஏரியும் நம்மோடு இருந்திருக்கும். ஒருவேளைதான். ஆனால் அந்த ஒருவேளையோடுதான் இனி நான் இருக்கவேண்டும்.

என்னை நிரந்தரமாக்கவில்லை. கௌஹாத்திக்கு மாற்றியிருக்கிறார்கள். தண்டனை என்று எழுதவில்லை, நிர்வாக வசதி என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு கிராமத்து மனுவைக் கொண்டுபோய்க் கொடுப்பது எந்தச் சட்டப்படி குற்றம் என்று மேலதிகாரியிடம் கேட்டேன். அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னாலேயே அப்படிக் கேட்டிருக்கவேண்டும் என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது.

நைனாவிடம் மூன்றாவது பாராவை மட்டும் சொல். மற்றதைச் சொல்லாதே என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. உன் இஷ்டம்.

நாகேந்திரன்

*

கொன்றைக்குப்பம்,
4-4-1960

நாகேந்திரா,

உன் கடிதத்துக்கு மூன்று மாதமாக நான் பதில் எழுதவில்லை. கோபம்தான். அந்த "ஒருவேளை"யைப் படித்த நாளிலிருந்து ஏரிக்கரைப் பக்கம் போகவே எனக்கு மனம் வரவில்லை. நைனாவிடம் இரண்டையும் சொன்னேன், பாராவையும் சொன்னேன், அதிகாரி நேரில் வந்து பார்த்திருப்பார் என்பதையும் சொன்னேன். அவருக்குத் தெரியாமல் வைக்க நான் யார்?

வெள்ளிக்கிழமை ஒன்றாம் தேதி. காலையில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். துலுக்காணம் மாமா ஓடி வந்தார். "மதவுக்குப் பூட்டு போடறாங்கம்மா! காயிதத்த எட்தா!" என்றார். நகலை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

புதிதாக வந்த ஓவர்சியர் ஒருவர், நாலு ஆட்கள், ஒரு சங்கிலி, இவ்வளவு பெரிய பூட்டு. கதிர் பால் பிடிக்கும் நேரம். இன்னும் இரண்டு தண்ணீர் விட்டால்தான் நெல் தேறும். ஊரே கரையில் நின்றது. "இன்னைலேர்ந்து இது வேற ராஜ்யம்மா. உங்களுக்குத் தண்ணி வேணும்னா உங்க கவர்மெண்டைக் கேளுங்க" என்றார் அந்த ஆள். பொன்னியம்மாள் மதகுக் கல்லின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "ராஜ்யம் மாறினா வவுறு மாறிடுமாடா? என் ரேகை டில்லில கீதுடா! என்னைத் தூக்கிப் போட்டுட்டு பூட்டு போடு பாப்பம்!" என்று அவள் கத்தியது அடுத்த ஊருக்கே கேட்டிருக்கும்.

நான் நகலை நீட்டினேன். இங்கிலீஷில் இருக்கிறதே, தமிழில் சொல்லு என்றார்கள் சனங்கள். கரையில் நின்று உரக்கப் படித்தேன். "கொன்றைக்குப்பம் கிராமத்தார் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் கையொப்பமிட்டு, கன்னையா குமாரர் நாகேந்திரன் சமர்ப்பித்த மனுவின் பேரில்" என்று ஆரம்பித்து, மூன்றாவது பாரா முடியும் வரை படித்தேன். ஓவர்சியர் காகிதத்தை வாங்கி, முத்திரையைப் பார்த்தார், நம்பரைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். மேலே எழுதிக் கேட்கிறேன், அது வரைக்கும் பூட்டவில்லை என்றார். சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். துலுக்காணம் மாமா மதகைத் தூக்கினார். தண்ணீர் வந்தது.

நாளைக்கு வேறு ஒருவன் பூட்டோடு வருவான், எனக்குத் தெரியும். அந்தக் காகிதத்தை நாங்கள் ஒவ்வொரு தடவையும் படிக்க வேண்டியிருக்கும். ஏரி நம் பக்கம் இருந்திருந்தால் படிக்க வேண்டியதே இல்லை. இதை நான் உனக்கு மறைக்க மாட்டேன், நீயும் மறக்காதே.

சனங்கள் எல்லாரும் வாய்க்காலோடு கீழே இறங்கிப் போய்விட்டார்கள். நைனா மட்டும் கரையில் நின்றார். நான் காகிதத்தை மடித்தேன்.

"மடிக்காத. இன்னொரு தபா படி" என்றார்.

"பாராவையா நைனா?"

"பேரை."

படித்தேன்.

தாட்சாயணி